வாசிப்பவர் விரும்பும் வாசிப்பு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பற்றிப் பேச அழைக்கப்பட்ட தமிழாசிரியன் ஒருவன் நாதஸ்வரத்தையும் பாண்ட் வாத்தியத்தையும் எடுத்துக்கொள்வது ஏன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. ஒரு கவிஞரைச் சந்தித்தால், "நீங்கள் எழுதியவற்றுள் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்பதை நாம் ஒரு மரியாதையாகவே கொண்டிருக்கிறோம். ஆனால் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் விளையாட்டுப் போட்டியிலும் மூச்சைக் கொடுத்து வாசித்துவிட்டுப் போகின்றவரிடம் அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. நமக்குப் பிடித்ததை அவரிடம் கேட்டு வாங்குகிறோம். அவருக்குப் பிடித்ததை அறியாமலே வீடு திரும்புகிறோம். இக்கேள்வியைச் சில வருடங்களாக நான் சந்திக்கின்ற வாத்தியக்காரர் பலரிடம் கேட்டு வருகிறேன். அவர்கள் தந்த விடைகளையும், அவ்விடைகளை விளங்கிக்கொள்ள நான் படித்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இந்தக் கேள்விக்கு நமது இலக்கியத்திலேயே இடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே, மாதவியின் ஆட்டத்துக்குத் துணை நின்ற ஆசிரியர் ஒவ்வொருவரது தகுதியையும் இளங்கோவடிகள் தனித்தனியே எடுத்துரைக்கிறார். அவர்களுள் குழலாசிரியனும் ஒருவன். அவனுக்குச் சொல்லப்பட்ட தகுதிகளுள் சித்திரப் புணர்ப்பு என்பதொன்று. வல்லொற்று வருமிடத்தில் அதனை மெல்லொற்றுப் போல நெகிழ்த்து இசையோடு பொருத்துவது அது என்று அடியார்க்குநல்லார் உரை விளக்குகிறது. அதாவது குழல் வாசிப்பவன் சொல்லின் வன்மை மென்மை அறிந்தவனாகவும் இருத்தல் வேண்டும். மேலும், அரங்கிலே குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் வழியே முழவும் சென்றன என்ற பொருள்பட அக்காதை பேசுகின்றது. தமிழ்க் கூட்டிசையிலே தலைமை தாங்கியது மூச்சினால் ஒலிக்கும் கருவி என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்தக் காதையின் யாழாசிரியன் அமைதியை விளக்கப் புகுந்துதான், எங்கள் கல்முனைக்குத் தெற்கே அண்மையிலுள்ள காரைதீவிலே 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் யாழ் நூலைத் தந்தார். அது 1947 ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஆகவே இக்கரையோரத்தில் இருந்துகொண்டு இசையைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்குப் புறம்பானது அன்று.

மருதமுனையில் இருந்து திருக்கோவில் வரை நீளுகின்ற எங்கள் கரையிலே, முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வருகின்றன. பள்ளிவாசல் பக்கம் ரபான் ஒலி கேட்கும். கோயில் பக்கம் மேளம் கேட்கும். மூச்சினால் ஒலிக்கும் கூட்டிசை என்று பார்த்தால் இங்கே மூன்று வகை உண்டு. ஒன்று, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளம். இரண்டாவது, பாடசாலைகளின் பாண்ட் வாத்தியக் குழு. மூன்றாவது, பறைமேளத்தோடு வாசிக்கப்படும் சொர்ணாளி என்னும் குழல். மூன்றாவதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பெரிய மேளம். நாதஸ்வரக் கச்சேரியிலே சனங்கள் விரும்பிக் கேட்பது எது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 1962 இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் போட்டியிட்டுப் பிணைந்த 'சிங்கார வேலனே தேவா' அவற்றுள் முதன்மையானது. 1968 இல் வந்த தில்லானா மோகனாம்பாள் படத்துக்காக மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள் வாசித்தவை இன்னொரு பகுதி. இவை அரிய வாசிப்புகள் என்பதிலே ஐயமில்லை. இன்றும் மேளக்காரர் வந்து இருந்ததும், யாராவது ஒரு சிறுவனிடம் துண்டுக் கடதாசியில் இவற்றை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள்.

நான் கேள்வி கேட்ட மூத்த வித்துவான் ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "துண்டு வந்தா வாசிக்கத்தான் வேணும் மாஸ்டர். அது அவங்கட ஆசை. எனக்கு ஆசையானது மல்லாரியும் தோடியும். அதுக்குத் துண்டு வாறதில்ல."

மல்லாரியும் தோடியும் என்ற இந்த விடை, சொற்கள் மாறினாலும், பலரிடம் இருந்து எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தது. ஏன் அவ்விரண்டும் என்று ஆராய்ந்தால் அந்தக் கலையின் அடித்தளமே புலப்படுகின்றது.

மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. அதிலே பாடுவதற்கு ஒரு சொல்லும் கிடையாது. சுவாமி வீதியுலாவுக்குப் புறப்படுகையில் கம்பீரநாட்டை இராகத்தில் வாசிக்கப்படுவது அது. தேருக்கு ஒரு மல்லாரி, அபிடேக நீர் கொண்டுவருகையில் தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் கொண்டுவருகையில் தளிகை மல்லாரி என்று பணிக்கேற்ற வகைகள் உண்டு. ஒரே இசைத்தொடரை முதலாம் காலத்திலும், இரட்டித்து இரண்டாம் காலத்திலும், மீண்டும் இரட்டித்து மூன்றாம் காலத்திலும் வாசிப்பார்கள்; இடையிலே திச்ர நடைக்கு மாற்றி மீள்வார்கள். கூட்டத்தில் ஒருவர் தடுமாறினாலும் எல்லாம் குலைந்துவிடும். நாதஸ்வரம், தவில், தாளம் என்ற வேறுபாடு மறைந்து, கூட்டம் முழுவதும் ஒரு நெஞ்சால் மூச்செடுப்பது போன்ற நிலை அங்கேதான் கைகூடுகிறது என்று தவில்காரர் ஒருவர் எனக்கு விளக்கினார். பாட்டு வாசிக்கும்போது சனங்களுக்கு நாதஸ்வரம் தெரியும், தவிலும் கொஞ்சம் தெரியும். மல்லாரியிலேதான் தங்களுக்குத் தங்கள் கூட்டம் தெரியும் என்பது அவரது கருத்து. சொல்லையே தொழிலாகக் கொண்ட எனக்கு, சொல்லில்லாத ஒன்றை ஒருவர் இவ்வளவு விரும்புவது முதலில் வியப்பாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். எழுதுபவனுக்கும் யாப்பின் ஓசை முதலில் நெஞ்சில் ஓடி, சொல் பின்னர் வந்து அமர்வது உண்டல்லவா?

தோடியின் கதை வேறு. நாதஸ்வரத்தின் உடல் ஆச்சா மரம். வாயில் வைக்கும் சீவாளி நாணலால் ஆனது. விரல் வைப்பதற்குத் துளைகள் ஏழு. கிளாரினெட்டில் உள்ளவை போன்ற சாவிகள் அதில் இல்லை. ஆகவே ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடைப்பட்ட நுட்பங்கள் எல்லாம் உதட்டின் அழுத்தத்தாலும், துளையை விரல் பாதி மூடித் திறப்பதாலும், மூச்சின் அளவாலுமே பிறக்க வேண்டும். தோடியோ, சுரங்கள் நேர்கோடாக நில்லாமல் அசைந்து கொண்டிருக்கும் இராகம். அதன் காந்தாரத்தை அசைக்காமல் நேரே பிடித்தால் தோடி தோடியாக இராது. கருவியின் இயல்பும் இராகத்தின் இயல்பும் இவ்வாறு பொருந்துவதால், தோடியை விரிக்கும்போது வாசிப்பவர் தமது உதட்டையும் மூச்சையும் முழுமையாகச் சோதித்துப் பார்க்கிறார். அது அவருக்குச் சோதனை மட்டுமன்று, விளையாட்டும் கூட.

இந்த விளையாட்டின் சிகரம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898 இல் பிறந்து 1956 இல் மறைந்த அவரது பெயரைச் சொன்னால் தோடி நினைவுக்கு வரும். தோடியைச் சொன்னால் அவர் நினைவுக்கு வருவார். அவர் காலத்துக்கு முன்னர் பெருவழக்காக இருந்தது உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாதஸ்வரம். நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு, சுருதி தாழ்ந்ததும் சுத்த மத்திமம் செம்மையாக ஒலிப்பதுமான நீண்ட பாரி நாதஸ்வரத்தை அவர் வழக்குக்குக் கொண்டுவந்தார். தாம் வாசிக்க விரும்பியதற்குப் பழைய கருவி போதாதபோது, அவர் தமது விருப்பத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை, கருவியை மாற்றினார். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரின் பெருமைக்குப் பின்னால் ஒரு வாசிப்பாளரின் விருப்பம் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் துண்டு எழுதிக் கேட்கின்ற 'சிங்கார வேலனே தேவா'வை வாசித்த காருகுறிச்சி அருணாசலம் யார்? இந்த ராஜரத்தினம் பிள்ளையின் மாணவர். இரவிரவாகக் குருவின் பக்கத்தில் இருந்து இராகம் வாசித்துப் பழகியவர். அந்தப் பாட்டிலே ஆபேரி அப்படிக் குழைந்து வருகிறதென்றால், அதன் பின்னால் எத்தனையோ திருவிழா இரவுகளின் ஆலாபனை இருக்கிறது. நாம் விரும்பும் பழம், அவர்கள் விரும்பும் வேரில் இருந்துதான் கிடைத்தது. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

அந்த வேருக்கு நீர் எது? நேரம். வீதியுலாவிலே சுவாமி ஒரு சந்தியில் தரித்து நிற்க, மேளக்காரர் இராகத்தை எடுத்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் வாசிக்க, சனங்கள் தெருவோரத்தில் இருந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே பல கூட்டங்களை அழைத்து விடியும்வரை மேளச்சமா வைப்பார்கள். அந்தச் சூழல் வளர்த்தவர்தான் 1933 முதல் 1975 வரை வாழ்ந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. தமிழகத்தின் முன்னணி வித்துவான்கள் அவரது தவிலை விரும்பி வேண்டினார்கள். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் அந்தச் சூழலின் கொடையே. இரவுக்கு இரவு இராகம் கேட்டவர்கள் இருந்தபடியால் இராகம் வாசித்தவர்களும் இருந்தார்கள்.

ஒரு கலையை விரும்புவதற்குப் பிறப்பும் மதமும் எல்லையாகா என்பதற்கு, எங்கள் கரையோர மக்கள் அறிய வேண்டிய பெயரொன்று உண்டு: ஷேக் சின்ன மௌலானா. 1924 இல் ஆந்திரத்தின் கரவதி என்னும் ஊரில், தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்தவர். நாச்சியார்கோயில் வித்துவான்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, அங்கே ஒரு நாதஸ்வரப் பள்ளியும் நடத்தினார். 1977 இல் பத்மஸ்ரீயும் 1998 இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் பெற்று, 1999 இல் காலமானார். அவரது வழியில் வந்த காலீஷாபீ, ஷேக் மஹபூப் சுபானி தம்பதியினர் 2020 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்றார்கள். 1990 இன் வன்செயல்கள் எங்கள் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே வைத்துவிட்டுப் போன கசப்பை நாங்கள் அறிவோம். பாங்கொலி கேட்டுத் தொழுகின்ற ஒருவர் கோயில் வாசலில் தோடி வாசித்து வாழ்ந்தார் என்ற செய்தியை வகுப்பிலே சொல்லும்போது, இரு சமூகத்துப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவதை நான் கண்டிருக்கிறேன்.

இனிப் பாடசாலைப் பாண்டுக்கு வருவோம். இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடையில் அவர்கள் வாசிப்பது பெரும்பாலும் நடைப்பாடல்களே. ட்ரொம்போன் வாசிக்கும் முஸ்லிம் மாணவன் ஒருவனிடம் கேட்டேன். "சேர், ட்ரம்பெட்டுக்குத்தான் எப்பவும் பாட்டு. எங்களுக்கு ஒரே 'பூம் பூம்'. எங்களுக்கும் பாட்டு வாற மாதிரி ஒன்று இருந்தா அதுதான் எனக்கு விருப்பம்" என்றான். இந்தச் சிறுவன் சொன்னதை ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் நன்கு அறிந்திருந்தார். அவரும் ட்ரொம்போன் வாசித்துப் பிழைத்தவர். சமஸ்கிருதம் படித்து இருக்கு வேதப் பாடல்களுக்கு இசையமைத்தவர், சாவித்திரி கதையை இசைநாடகம் ஆக்கியவர் என்றால் நம்மவருக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். அவர் 1909 இல் இராணுவ பாண்டுக்காக இயற்றிய முதலாவது தொகுப்பின் முதற் பகுதி, எட்டுத் தாள அலகு கொண்ட ஒரே மெட்டை ரியூபா முதலிய அடித்தொனிக் கருவிகளில் தொடங்கி, ஒவ்வொரு கருவிக்கும் கைமாற்றிச் செல்கிறது. மூலையில் இருந்தவனுக்கும் பாட்டு வருகிறது. நூறு ஆண்டுகள் கடந்தும் பாண்ட் வாசிப்போர் அதனை நேசிக்கிறார்கள்.

அதேபோல பேர்சி கிரெய்ஞ்சர் 1937 இல் பாண்டுக்குத் தந்த 'லிங்கன்ஷயர் போசி'யையும் சொல்லலாம். 1905, 1906 ஆம் ஆண்டுகளிலே கிராமத்துப் பாடகர்களைத் தேடிச் சென்று கேட்டுத் திரட்டிய பாடல்களை, அவரவர் இழுத்தும் நிறுத்தியும் பாடிய விதம் கெடாமல் அதில் அமைத்தார். தாளக்கட்டை மீறி மூச்சின் போக்கில் செல்லும் இடங்களும் அதில் உண்டு. நமது ஆலாபனைக்கு அது தூரத்து உறவு.

இந்த உறவு பழையதும் கூட. முத்துசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் ஆங்கிலேயரின் பாண்ட் இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் நொட்டுஸ்வர சாகித்தியங்களை இயற்றினார். சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்த அவற்றைச் சிறுபிள்ளைகள் இன்றும் பாடுகிறார்கள். ஆகவே பாண்ட் பழகும் பிள்ளை அந்நியமான ஒன்றைச் செய்கிறான் என்று நாம் கருத வேண்டியதில்லை.

முன்னர் சொன்ன மூன்றாவது குழலுக்கு வருகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பிரதேசத்திலே பறைமேளத்தோடு சொர்ணாளி வாசிக்கின்றவர்கள் கோயிலிலும் வாசித்தார்கள். மரண வீட்டிலும் வாசித்தார்கள். பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிச் செய்த ஆய்வு பறைமேளக் கூத்தைக் கலையாகக் கொண்டு நோக்கியது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றுப் பகுதியில் தங்கி, இவர்களைப் பற்றி 1983 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிஞர் கண்ட அந்தக் கலையை நாம் ஊரில் எவ்வாறு நடத்தினோம்? நாதஸ்வரக்காரரை வித்துவான் என்று அழைத்த அதே வாயால் இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். வாசிப்பு அவர்கள்மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. அந்தச் சுமையை இளந்தலைமுறை இறக்கி வைத்தபோது, குழலும் கூடவே இறங்கிப் போயிற்று. அதற்காக அந்த இளைஞர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

முதியவர் ஒருவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாளுக்கு முன்னால வாசிக்கிறதுதான் ஐயா விருப்பம். மற்றதெல்லாம் விருப்பத்துக்கு வாசிச்சதில்ல" என்றார். பிடித்த உருப்படி எது என்ற கேள்விக்கு விருப்பம் என்ற ஒன்று வேண்டும். விருப்பத்துக்குச் சுதந்திரம் வேண்டும். அந்த முதியவரின் விடையிலே ஒரு சமூக வரலாறே அடங்கியிருக்கிறது.

நேயர்களே, மூன்று கூட்டிசையிலும் கிடைத்த விடைகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். நாதஸ்வர வித்துவான் நேரத்தைக் கேட்கிறார். பாண்ட் மாணவன் தனக்கும் ஒரு பாட்டைக் கேட்கிறான். சொர்ணாளி வாசித்தவர் மரியாதையைக் கேட்கிறார். இவை மூன்றும் நம்மால் கொடுக்கக் கூடியவை. பெருஞ்செலவு எதுவும் இல்லை.

கோயில் பரிபாலனத்தில் இருப்போரிடம் ஒரு வேண்டுகோள். திருவிழாவில் ஓர் இரவாவது ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்தி, ஒரு சந்தியில் அரை மணி நேரம் மேளக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். பாடசாலை பாண்டைப் பழக்கும் ஆசிரியர்களிடம் இன்னொன்று. வருடத்தில் ஓர் உருப்படியாவது பின்வரிசைப் பிள்ளைக்கும் பாட்டு வரும்படி தெரிவு செய்யுங்கள். சொர்ணாளி வாசிக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், அவரை ஒரு நாற்காலியில் இருத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியுமானால் ஒலிப்பதிவு செய்து வையுங்கள். இப்போது கையடக்கத் தொலைபேசியே அதற்குப் போதும்.

கேட்பவர் இல்லாத விருப்பம் பயிற்சி இல்லாமற் போகும். பயிற்சி போனால் நாம் துண்டு எழுதிக் கேட்கும் பாட்டும் அந்தக் குழைவோடு வராது. எனவே அடுத்த முறை ஒரு மேளக்காரரைக் காணும்போது, உங்கள் விருப்பத்தைச் சொல்வதற்கு முன்னர் அவருடையதைக் கேளுங்கள். அவர் சொல்வதை வாசிக்கவும் விடுங்கள்.